பிள்ளை பிணைப் பொருளா?

வரப்புத் தகராறு வழக்கு மன்றம் ஏறுகிறது. தீர்ப்பு வருகிறது. தோற்றவன் நிலத்தை விட மறுக்கிறான். என்ன நடக்கிறது? அமீனா வருகிறார். அளந்து கல் நடுகிறார். தமுக்கடித்து ஊரறியச் சொல்கிறார். வென்றவனிடம் நிலத்தை ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். நிலம் அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. இரவோடு இரவாக அதை இரயிலேற்றி அயலூரில் ஒளித்து வைக்க எவனாலும் ஆவதில்லை.

பிள்ளையின் கதை அப்படியா?

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். குற்றம் யார் பக்கம் என்று ஆராய்வது இங்கு நம் வேலையல்ல. பிள்ளை தாயிடம் இருக்கட்டும், ஞாயிறுதோறும் காலை முதல் மாலை வரை தந்தை அழைத்துச் செல்லட்டும் என்று நீதிபதி ஆணையிடுகிறார். அல்லது, பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்துவிடு என்று தந்தைக்கு ஆணையிடுகிறார். முத்திரை குத்தியாயிற்று, நகல் வாங்கியாயிற்று. ஞாயிறும் வருகிறது. கதவில் பூட்டு! அடுத்த ஞாயிறு, 'பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று பதில். அதற்கடுத்த ஞாயிறு, 'பாட்டி ஊருக்குப் போயிருக்கிறது' என்று பதில். அதற்கும் அடுத்த ஞாயிறு, பதிலே இல்லை! வாங்கிவந்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் ஒரு தந்தை. வேறொரு தெருவில், 'வாரம் ஒருநாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கூட்டிப் போனாரே, கொண்டுவந்து விடவில்லையே' என்று கதறிக்கொண்டிருக்கிறாள் ஒரு தாய்.

கையிலிருக்கும் ஆணை வெறும் காகிதமா? காகிதம்தான் என்றால் நீதிமன்றம் எதற்கு? காகிதமல்ல என்றால் அதைக் காப்பாற்றும் கரம் எங்கே?

இந்தக் கேள்விகளை நாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலும், நெசவாளர் தெருவிலும், பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்துச் சந்திலும் இத்தகைய பூட்டிய கதவுகள் இருக்கின்றன. மாடிவீட்டுச் சண்டை ஏடுகளில் வருகிறது. மண்சுவர் வீட்டுச் சண்டை வெளியே வருவதில்லை. ஆனால் உள்ளே அழுகிற பிள்ளை ஒரே மாதிரிதான் அழுகிறது!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். பிள்ளை பற்றிய நீதிமன்ற ஆணை வென்றவருக்குச் சூட்டிய மாலையல்ல; தோற்றவருக்கு இட்ட விலங்குமல்ல. அந்த ஆணை பிள்ளைக்குச் சொந்தம். அப்பாவின் மடியும் அம்மாவின் தோளும் தனக்கு வேண்டும் என்று வாய்திறந்து கேட்கத் தெரியாத ஒரு ஜீவனுக்காக, அரசு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அதைக் கிழிப்பவர் நீதிபதியை அவமதிப்பதற்கு முன்னால் தன் சொந்தப் பிள்ளையை அவமதிக்கிறார்.

இது நமது கற்பனையல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், பாதுகாவலர் சட்டம், 13-வது பிரிவில், மைனரின் நலமே தலையாயது என்று சொல்கிறது. 1973-இல், நமது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னும் பச்சையாகச் சொல்லிற்று: பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று. அரை நூற்றாண்டுக்கு முன் சொன்ன சொல்! சென்னையிலிருந்து போன வழக்கிலே பிறந்த சொல்! அந்தச் சொல் சென்னையின் சந்துகளுக்கே இன்னும் வந்து சேரவில்லையே என்பதுதான் நமது வேதனை.

சரி, ஆணையை மீறினால் சட்டம் என்ன செய்யும்?

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று, மைனர்களின் பாதுகாவலர் பற்றி 1890-இல் எழுதப்பட்டது, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 45-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிள்ளையைக் கொண்டுவா என்ற ஆணையை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். மேலும் மீறினால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை. அதுவும் மொத்தத்தில் 500 ரூபாயைத் தாண்டக் கூடாதாம்! பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று உறுதி கூறும்வரை சிவில் சிறையில் வைக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. 1890-இல் 100 ரூபாய் என்றால் ஒரு குடும்பமே மலைக்கும் பணம். இன்று? கார் வைத்திருப்பவன் ஒருநாள் பெட்ரோலுக்குப் போடும் பணம்!

அடுத்தது, 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குறுதியை வேண்டுமென்றே முறிப்பதும் சிவில் அவமதிப்பு என்கிறது அது. தண்டனை, 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனமார மன்னிப்புக் கேட்டு, அதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டால் தண்டனையிலிருந்து விடுபடவும் வழி உண்டு.

இந்தச் சட்டம் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று நாம் கூறவில்லை. தாயிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டு, கொண்டுவா என்று டில்லி உயர் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் கொண்டுவராத ஒரு தந்தைக்குக் கிடைத்த சிறைத்தண்டனையை, 1981-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இராஜஸ்தானத்தில் தாயோடு இருந்து படித்த ஒரு சிறுவன், தந்தை அமெரிக்காவில். பிள்ளை தாயிடம் இருந்து படிக்கட்டும், ஜூன் மாதம்தோறும் தந்தையோடு அயல்நாட்டில் இருக்கட்டும் என்று 2022 மே மாதத்தில் இருவரும் இணங்கினார்கள். அந்த ஜூனிலேயே தந்தை அழைத்துப் போனார். ஜூலை முதல் நாள் திரும்பியிருக்க வேண்டிய பிள்ளை திரும்பவில்லை. 2023 ஜனவரியில் தந்தை அவமதிப்புக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. 2023 மே மாதத்தில் 6 மாதச் சிறையும் 25 இலட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

கடுமையான தண்டனைதான். ஆனால் கணக்குப் பாருங்கள்! பிள்ளை போன நாளுக்கும் தண்டனை வந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு. தண்டனை படிக்கப்பட்ட நாளிலும் பிள்ளை தாயிடம் வந்து சேரவில்லை. நீதி உரத்துப் பேசிற்று. பிள்ளை கடலுக்கு அப்பால் இருந்தது.

அதுவும், உச்ச நீதிமன்றப் படியேற முடிந்த குடும்பத்தின் கதை. நம்மவர் கதை என்ன?

திருப்பூரில் ஒரு பனியன் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். குடும்ப நீதிமன்ற ஆணை கையில் இருக்கிறது. பிள்ளை கண்ணில் இல்லை. அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். வாய்தா, மறு வாய்தா, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, இன்னொரு வாய்தா! அவமதிப்பு என்று தண்டிக்கச் சொல்ல வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்கு வரவேண்டும். திருப்பூரிலிருந்து சென்னைக்கு! ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு நாள் கூலி போகும். இரயில் செலவு, வக்கீல் பீசு, குமாஸ்தா செலவு வேறு. அவமதிப்பு நடந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று சட்டத்தின் 20-வது பிரிவு ஒரு கெடுவும் வைத்திருக்கிறது. 'பேசித் தீர்க்கலாம், பொறு, பொறு' என்று உறவினர் சொன்னதைக் கேட்டுப் பொறுத்தவன், பொறுமைக்குப் பரிசாகக் கெடுவைத் தவறவிடுகிறான்.

இதற்குள் பிள்ளைக்கு என்ன ஆகிறது? மூன்று வயதில் பிரிந்த பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிறது. முகம் மறக்கிறது. 'உன் அப்பன் குடிகாரன், உன் அம்மா ஓடிப்போனவள்' என்று நாள்தோறும் ஊட்டிய நஞ்சு உள்ளே இறங்குகிறது. பிறகு ஒருநாள் நீதிபதியின் முன்னால் அந்தப் பிஞ்சு, 'நான் போகமாட்டேன்' என்று சொல்கிறது. 'பாருங்கள், பிள்ளையே மறுக்கிறது!' என்று கைவிரிக்கிறார், பிள்ளையை வைத்திருப்பவர். பெற்றவரில் ஒருவரை வெறுக்கும்படி மற்றவர் பிள்ளையைத் திருப்பும் இந்தக் கொடுமையைப் பற்றி 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டிருக்கிறது.

வீடு மீண்டால் வாடகைப் பாக்கியை வசூலிக்கலாம். நிலம் மீண்டால் போன போகத்துக்கு ஈடு கேட்கலாம். பிள்ளையின் போன இரண்டு ஆண்டுகளை எந்த அமீனா திருப்பிக் கொண்டுவருவார்?

'அப்படியானால் மீறுகிற அனைவரையும் பிடித்துச் சிறையில் தள்ளு என்கிறீர்களா?' என்று கேட்கலாம். இல்லை. சிறை என்பது கடைசிக் கதவு, முதல் கதவல்ல. கூலிக்காரனைச் சிறையில் தள்ளினால் கூலி போகும். கூலி போனால் பிள்ளையின் சோறு போகும். தாயைச் சிறையில் தள்ளினால், 'என் அம்மாவைச் சிறைக்கு அனுப்பியவர் அப்பா' என்ற வடு அந்தப் பிள்ளையின் நெஞ்சிலே விழும். அப்புறம் எத்தனை ஞாயிறு பார்த்தாலும் அந்த வடு ஆறாது.

மேலும், ஆணையை மீறுகிற அனைவரும் ஆணவத்தால் மீறுவதில்லை. சிலர் அச்சத்தால் மீறுகிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். பெண் மருத்துவர் ஒருவர், தன் மகளுக்குத் தந்தையால் கேடு நேர்கிறது என்று குற்றம் சாட்டினார். தந்தை மறுத்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிய நீதிமன்றம், பிள்ளையைத் தந்தையிடம் அனுப்பு என்றது. தாயோ பிள்ளையை மறைத்துவிட்டு, இருக்குமிடம் சொல்ல மறுத்தார். 1987-இல் சிறைக்குப் போனவர், இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையிலேயே இருந்தார். வாய் திறக்கவில்லை. அந்த நகரத்தில் பிள்ளைப் பொறுப்பு வழக்கு அவமதிப்புக்காக 12 மாதத்துக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது என்று 1989-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்த பிறகே விடுதலையானார். அடுத்த ஆண்டில் பிள்ளை நியூசிலாந்தில் இருப்பது தெரியவந்தது. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பளிக்க நாம் முனையவில்லை. சிறைக் கம்பிக்கு இருக்கும் வலிமையின் எல்லை எது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது என்பதையே சொல்கிறோம்.

அஞ்சுகிறவருக்கு வழி இல்லையா? இருக்கிறது. பூட்டிய கதவு அந்த வழி அல்ல. திறந்த நீதிமன்றமே அந்த வழி. பிள்ளைப் பொறுப்பு பற்றிய ஆணை கல்லில் வெட்டிய எழுத்தல்ல. நிலைமை மாறினால் மாற்றலாம் என்பது நிலைத்துவிட்ட சட்டம். நாம் முன்பு குறிப்பிட்ட 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பே அதைச் சொல்கிறது. கேரளத்துச் சிறுவன் ஒருவனைத் தந்தையிடம் விடவேண்டும் என்ற தீர்ப்பை 2024-இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், அதனால் அவன் மனம் பட்ட பாட்டை உளநல வல்லுநர்கள் எடுத்துக் கூறியதும், 2025-இல் தன் தீர்ப்பைத் தானே மறு ஆய்வு செய்து, தாயிடமே இருக்கட்டும் என்று மாற்றியது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே பிள்ளைக்காக இறங்கி வருகிறது! அச்சம் உண்மை என்றால், சான்றோடு அந்த அச்சத்தை நீதிபதியிடம் சொல்லுங்கள். பார்க்கும்போது மூன்றாமவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆணையை மாற்றச் சொல்லி மனுப் போடுவது உரிமை. ஆணையை மடித்து அடுப்பில் போடுவது உரிமையல்ல.

இனி, நம் தோழர்கள் மத்தியிலேயே உலவும் ஒரு தவறான கணக்கைத் தீர்க்க வேண்டும்.

'அவள் பிள்ளையைக் காட்டவில்லை. ஆகவே நான் ஜீவனாம்சம் கட்டமாட்டேன்' என்கிறான் ஒருவன். 'அவன் ஜீவனாம்சம் கட்டவில்லை. ஆகவே நான் பிள்ளையைக் காட்டமாட்டேன்' என்கிறாள் ஒருத்தி. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று இருவருக்கும் எண்ணம். எது சரியாயிற்று? தந்தை பணத்தை நிறுத்தியதால் பிள்ளையின் பால் நின்றது. தாய் கதவைப் பூட்டியதால் பிள்ளையின் பாசம் நின்றது. இரண்டு பக்கத்திலும் நட்டப்பட்டது ஒரே பிள்ளை! பணம் என்பது ஓர் ஆணை. பார்ப்பது என்பது இன்னோர் ஆணை. ஒன்றை எதிராளி மீறினார் என்பது மற்றொன்றை நாம் மீறுவதற்கு உரிமைச் சீட்டாகாது. பிள்ளை என்ன வட்டிக்கடையில் வைத்த பித்தளைக் குடமா, பணம் கட்டினால் மீட்டுக்கொள்ள?

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

ஒன்று: ஆணை தெளிவாக இருக்கவேண்டும். 'அவ்வப்போது பார்க்கலாம்' என்று எழுதினால் அது சண்டைக்கு எழுதிய அழைப்பிதழ். நாள், மணி, இடம், பொங்கல் விடுமுறை யாரிடம், கோடை விடுமுறை யாரிடம், பிள்ளைக்கு உடல்நலமில்லை என்றால் மாற்று நாள் எது, இவை அத்தனையும் ஆணையிலேயே இருக்கவேண்டும்.

இரண்டு: முதல் மீறலிலேயே குடும்ப நீதிமன்றம் விழித்துக்கொள்ள வேண்டும். மனுக் கொடுத்த பதினைந்து நாளுக்குள் இருவரையும் அழைத்துக் கேட்கட்டும். இழந்த ஞாயிறுக்கு இரண்டு ஞாயிறாகத் திருப்பிக் கொடுக்கட்டும். பத்தாவது மீறலில் பாயும் புலியைவிட, முதல் மீறலில் குரைக்கும் நாய் பிள்ளைக்குப் பயன் தரும்.

மூன்று: சிறைக்கு முன்னால் பல படிகள் வேண்டும். இங்கிலாந்து 2006-இல் ஒரு சட்டம் செய்தது. பிள்ளையைக் காட்டும் ஆணையை நியாயமின்றி மீறுகிறவரை 40 மணி முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லாத பொதுப்பணி செய்ய வைக்கலாம். வீணாய்ப் போன பயணச் செலவு போன்ற நட்டத்தை மற்றவருக்கு ஈடு கட்டவும் வைக்கலாம் என்றது. அதில் வேலை போகாது, சோறு போகாது, பிள்ளையின் நெஞ்சில் வடுவும் விழாது. அங்கே ஆகிறது, இங்கே ஆகாதா?

நான்கு: 1890-இன் 100 ரூபாயும் 1971-இன் 2,000 ரூபாயும் மாறவேண்டும். அபராதம் வருமானத்தைப் பார்த்து அமையட்டும். ஆலை முதலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரே தொகை என்பது சமநீதியல்ல. முதலாளிக்கு அது விலை. தொழிலாளிக்குத்தான் அது தண்டனை.

ஐந்து: பார்க்கும் இடம் பக்கத்தில் இருக்கவேண்டும். போலீசும் கைதியும் நடமாடும் நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை தன் தந்தையை அறிந்துகொள்ள வேண்டுமா? வட்டந்தோறும் நூலகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓர் அறையைத் திறந்துவிட்டு, ஓர் அலுவலரை உட்காரவைக்க ஆகும் செலவு அரசுக்குப் பெரிய செலவல்ல.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை தந்திருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் தந்திருக்கிறது! இது எத்தனை தொழிலாளர்க்குத் தெரியும்? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்தே இயங்குகிறது. படிப்பகத்தில் ஏடு படிக்கும் தோழர்கள், படிக்கத் தெரியாத தோழருக்கு இந்தச் செய்தியைப் படித்துச் சொல்லுங்கள், வழியும் காட்டுங்கள், கெடு முடிவதற்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இறுதியாக, தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்பதைவிடக் கட்டளை என்றே கொள்ளுங்கள். ஊரிலே நாலு பேர் மதிக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து, 'அண்ணே, பையனைக் கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டில் வைச்சுக்குங்க, அவ கண்ணில் படாமல் இருக்கட்டும்' என்று ஒரு நண்பன் கேட்கக்கூடும். 'மாமா, அவர் வந்தால் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்' என்று ஒரு பெண் கேட்கக்கூடும். நட்பு பெரிது, உறவு பெரிது என்று தலையாட்டிவிடாதீர்கள். நீதிமன்ற ஆணை தெரிந்தும் பிள்ளையை ஒளிக்கத் துணை நிற்பவரும் அந்தக் குற்றத்தில் பங்கு கொள்கிறார். நாலு பேர் கூடி, ஆணைக்கு மாறாகப் பிள்ளையைப் பங்கு பிரிக்கும் கட்டைப் பஞ்சாயத்தும் வேண்டாம். நியாயம் பேச விரும்பினால், 'ஆணைப்படி இன்று ஞாயிறு. பிள்ளையை நானே கூட்டிப்போய் விடுகிறேன், மாலையில் நானே கூட்டிவருகிறேன்' என்று முன்வாருங்கள். அரசாங்கத்து அமீனாவால் ஆகாததை அக்கறையுள்ள அண்டை வீட்டுக்காரரால் சாதிக்க முடியும்.

கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் அறுக்கலாம். தந்தை, தாய் என்ற உறவை அறுக்க எந்த மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் இருவருக்கும்கூட அந்த அதிகாரம் இல்லை. உங்கள் போர் உங்களோடு இருக்கட்டும். பிள்ளையைப் பிணைக் கைதியாக்காதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள்!